பன்னிரண்டாவது வரி

குடையை விரித்து வைத்தான்.

அடுத்து கண்ணாடிக் கூடு. அடுத்து டிபன் கேரியர், நான்கு அடுக்கும். பீரோ, தையல் மிஷின் பெட்டி, ஊறுகாய் ஜாடி, சைக்கிள் பூட்டு. தன் சட்டைப் பொத்தான்களையும் கழற்றிவிட்டான்.

உள்ளறையில் அவன் மனைவிக்குத் தலைப்பிரசவம். காலையில் பிடித்த வலி பதினோரு மணிக்கு நின்றுவிட்டது.

பிரசவம் வீட்டில்தான் என்பது ஏழாம் மாதமே முடிவானது. முடிவு செய்தவள் அவள். பெரியாஸ்பத்திரியையே பெயர்த்து வந்து வாசலில் வைத்தாலும் படியேறமாட்டேன், என் பிள்ளை இந்த வீட்டில்தான் பிறக்கும் என்றாள்.

மருத்துவச்சி ஞானசெல்வம் முப்பது வருடம் அரசாங்க நர்ஸாக இருந்தவர். வாரம் ஒருமுறை வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிரஷர் பார்த்தார். ஒரு தாளில் திட்டம் எழுதிக் கொடுத்தார். அது காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது.

அவள் வாசிப்பாள். அவன் செய்வான்.

கொதித்து ஆறிய தண்ணீர். வெயிலில் உலர்ந்த துணி. வாசலில் வேன். மூன்று மணிக்குள் பிறக்காவிட்டால் ஆஸ்பத்திரி, அதில் பேச்சே கிடையாது.

பன்னிரண்டாவது வரி: வீட்டில் எதுவும் பூட்டியோ, முடிந்தோ, மூடியோ இருக்கக் கூடாது. இருந்தால் பிள்ளைக்கு வழி கிடைக்காது.

பழைய வழக்கம்தான். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

ஆட்டையும் அவிழ்த்துவிட்டான். அது போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குத் தெருவே திறந்து கிடந்தது. பெட்டிக்கடை மிட்டாய் பாட்டில்கள் மூடியில்லாமல் நின்றன. விடுமுறை நாளில் ரேஷன் கடை திறந்தது. நாலு வருடமாகப் பூட்டிக் கிடந்த நூலகத்தைப் பூட்டை உடைத்துத் திறந்தார்கள். உள்ளே நூலகர் உட்கார்ந்திருந்தார். நேரமாகிவிட்டதா என்று கேட்டார்.

பிள்ளை வரவில்லை.

ஒன்றரை மணிக்கு ஞானசெல்வம் திரையை விலக்கித் தலையை நீட்டினார்.

"ஏய்யா, எல்லாத்தையும் தொறந்துட்டியா?"

"தொறந்துட்டேன் சிஸ்டர்."

"இந்த வீட்ல இன்னும் என்னமோ மூடிக் கெடக்கு."

திரை விழுந்தது. உள்ளே நறநறவென்று ஏதோ கடிபடும் சத்தம். பாவம், பல்லைக் கடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

வேன் டிரைவர் இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தான்.

அவன் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பாமலே தெரியும்.

கதவு.

ஒரே வீட்டை இரண்டாக்கியபோது நடுவில் நின்றுபோனது. அந்தப் பக்கம் அண்ணன். இந்தப் பக்கம் அவன் ஆறு ஆணி அடித்தான். அந்தப் பக்கமும் அடிக்கிற சத்தம் கேட்டது. அதோடு சரி. ஒன்பது வருடம், ஒரு வார்த்தை இல்லை.

காரணம் ஒரு முருங்கை மரம். மரம் செத்தே ஏழு வருடமாகிறது.

அவள் வாக்கப்பட்டு வந்தபோதே கதவு அப்படித்தான் இருந்தது. மதினி தாளிக்கும் வாசனை மட்டும் இடுக்கு வழியாக இந்தப் பக்கம் வரும்.

இரண்டு மணி பத்து நிமிடம்.

சுத்தியலை எடுத்தான்.

முதல் ஆணி வரும்போது பன்றி மாதிரி வீறிட்டது. நான்காவது வளைந்து வந்தது. ஆறாவது வந்தபோது உள்ளங்கை கிழிந்திருந்தது.

இழுத்தான். கதவு அசையவில்லை.

அந்தப் பக்கத்து ஆணி.

வாசலில் ஹாரன் அடித்தது.

நெற்றியைப் பலகையில் வைத்தான். எல்லாம் திறந்தாயிற்று. வாய் ஒன்றுதான் பாக்கி.

"அண்ணே."

அவனுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னான். அது தெருமுனை வரை கேட்டது.

"தள்ளி நில்லுலே, மண்டையில இடிச்சிரும்."

ஒரே ஒரு ஆணி கழலும் சத்தம். மற்றவை எப்போது கழன்றன என்று அவன் கேட்கவில்லை.

கதவு திறந்தது.

மதினி அவனைத் தாண்டிப் போனாள். இடுப்பில் வெந்நீர்ப் பானை. தோளில் ஓரம் தைத்த துணிகள், பத்துக்குக் குறையாது. எந்த அறை என்று கேட்கவில்லை.

"வந்துட்டியளா அக்கா?" உள்ளேயிருந்து அவள் குரல், வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு. அடுத்த நொடியே, "அம்மா!" என்று ஓர் அலறல்.

வலி வந்துவிட்டது.

இரண்டு ஐம்பத்தேழுக்குப் பெண் பிள்ளை. அது போட்ட சத்தத்தில் தெருவில் திறந்து கிடந்த பாத்திரங்கள் எல்லாம் ஒருமுறை கணகணத்தன. ஆடு திரும்பி வந்தது. வேன் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, யாரிடமும் கேட்காமல், மிட்டாய் பாட்டிலைத் தூக்கி வந்து ஊருக்கே கொடுத்தான்.

வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காற்று ஓடியது. ஒன்பது வருடத்தில் முதல் தடவை. திரை விலகி ஆடியது. காலண்டர் பக்கத்துத் தாள் பிய்ந்து அவன் காலடியில் விழுந்தது.

எடுத்தான். முதன்முறையாகத் தானே வாசித்தான்.

பதினோரு வரிகள் நர்ஸின் சாய்ந்த எழுத்தில்.

பன்னிரண்டாவது வரி குண்டு குண்டாக இருந்தது. வாரந்தோறும் மளிகைச் சீட்டில் அவன் பார்க்கிற எழுத்து.

நிமிர்ந்தான்.

ஞானசெல்வம் முந்தானையிலிருந்து முறுக்குத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். மதினி மடியில் பிள்ளை. கட்டிலில் அவள், அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். சட்டென்று கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.

தாளைப் பழைய இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டான். சுத்தியல் கையில்தான் இருந்தது. தரையில் கிடந்த ஆறு ஆணியில் நேரானது ஒன்றுகூட இல்லை.

அண்ணன் சட்டைப் பையைத் துழாவி ஒன்றை நீட்டினார்.