இந்த வருடம் உங்களுக்கு வேலை இல்லை

பூங்கோதை திருகியதும் அடுப்பு மூன்றாம் முறையாகத் தானே அணைந்தது. பள்ளிக்கு நிதி திரட்டும் விழாவின் பஜ்ஜிக் கடை முன்னால் கூட்டம் நெருக்கியது.

"இந்த வருடம் தங்கள் குடும்பத்துக்கு வேலை இல்லை. ஓய்வெடுங்கள்" என்றது அடுப்பு, பணிவாக.

"அடுப்பெல்லாம் எனக்கு லீவு குடுக்குது! ஷமீமா, என்னன்னு பாரேன்டி!"

பெற்றோர் குழுத் தலைவி ஷமீமா ஓடி வந்தாள். எந்தக் குடும்பம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வேலை பிரிப்பது சுமைமானி என்கிற மெஷின்; கடை அடுப்பும் அதன் பேச்சைத்தான் கேட்கும். மேசை மேலிருந்த அதன் திரையைப் பார்த்தவள், சட்டென்று அதைக் குப்புறக் கவிழ்த்தாள்.

"நீ வீட்டுக்குப் போ. பஜ்ஜியை நான் போட்டுக்கறேன்."

"ஏன், எனக்கென்ன சீக்கா? சொல்லித் தொலை."

"தனியாப் பிள்ளை வளர்க்கறவங்க பட்டியல்ல உன் பேரு இருக்கு."

பூங்கோதை சிரித்துவிட்டாள். "கிறுக்குப் பிடிச்ச மெஷின்! என் புருஷன் குத்துக்கல்லாட்டம் பின்னாடி நிக்கிறார் பாரு, வாழைக்காய் சீவிக்கிட்டு."

திரும்பினாள். மதிவாணன் சீவுவதை நிறுத்தியிருந்தான். தலை நிமிரவில்லை.

"மெஷின் சொன்னதில்லடி." ஷமீமாவின் குரல் தேய்ந்தது. "வர்ற ஒண்ணாம் தேதியிலேருந்து நீ தனின்னு போன வாரம் அவரே பதிஞ்சிருக்கார். 'அவளுக்குச் சிரமம் குடுக்காதீங்க'ன்னு குறிப்பும் போட்டிருக்கார்."