மூடிய கை
ஆட்கள் கூலிவேலைக்குக் காத்து நிற்கும் அந்த நாற்சந்தியில் காட்டும் விரலுக்கு நூறு ரூபாய் நாட்கூலி என்பது கணக்கு. தமிழறியாத சுதாம், வந்த முதல் நாள், ஆறு விரல்களைக் காட்டினான். கொத்தனார் அங்கப்பன் அவனுடைய மடங்கிய விரல்களில் இரண்டை நிமிர்த்திவிட்டார். "எட்டுடா தம்பி, எட்டு. நீ கொறச்சா நாங்க எங்க போறது?" சுதாமின் ஊரார் திரளாக வந்திறங்கியபின் ஆறே வழக்கமாயிற்று, சுதாமும் ஆறுக்கு இறங்கினான். எட்டிலேயே நின்ற அங்கப்பனை எவரும் அழைக்கவில்லை. இன்று மேஸ்திரியின் வண்டி நின்றதும் அங்கப்பன் ஒரு கையை மட்டும் உயர்த்தினார். "அஞ்சுக்கே வர்றீங்களா, கொத்தனாரே?" என்று மேஸ்திரி சிரித்தார். சுதாம் ஓடிவந்து, அங்கப்பனின் மறு கையைப் பற்றி, விரல்களைப் பிரிக்க முயன்றான். "எட்டு, அண்ணா, எட்டு." அவன் கற்றிருந்த தமிழ் அவ்வளவே. அங்கப்பன் அந்தக் கையை இன்னும் இறுக மூடிக்கொண்டார்.