செயின்ட் ரஃபேல் தோட்டம்

"அப்பிடி ஒரு தோட்டமே இல்லை."

தோட்டக் குமாஸ்தாவான யாழ்ப்பாணத்துக் கிராணி வைத்தியலிங்கம் சொன்னது அவ்வளவுதான். சொன்னதோடு விட்டாரா? கையிலிருந்த சீட்டை நாலாகக் கிழித்துத் தண்டவாளத்தில் போட்டார்.

மலாயாவின் லாயாங் லாயாங் ஸ்டேஷனில் காலை ரயில் இறக்கிவிட்டுப் போன பதினோரு பேரும் திகைத்து நின்றார்கள். சேலத்துப் பக்கத்து ஜனங்கள். கூட்டி வந்த கங்காணி பினாங்கிலேயே காய்ச்சலில் படுத்துவிட்டான். கையில் ஒரு சீட்டைக் கொடுத்து இவர்களை மட்டும் ரயிலேற்றி விட்டிருந்தார்கள்.

"சாமி, செயின்ட் ரஃபேல் தோட்டம்னு அதுல எழுதியிருக்குதுங்களே" என்றான் வீரமுத்து. "ஸ்டேஷனுக்குக் கிராணி வந்து கூட்டிப் போவாருன்னாங்க. நீங்கதானுங்களே?"

"நான் இல்லை. நான் வருமட்டும் ஒருத்தரும் இஞ்சயிருந்து அசையக் கூடாது. விளங்கிச்சோ?"

விளங்கினால் என்ன, விளங்காவிட்டால் என்ன. அவர் குடையை விரித்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

ஸ்டேஷன் வாசலில் கோப்பிக் கடை போட்டிருந்த ஐயாசாமிக்கு வயிறு எரிந்தது. வீரமுத்துவின் பெண்சாதி செல்லத்துக்கு ஏழு மாதம். வெயிலில் மூட்டை மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க வாம்மா, நிழல்ல உக்காரு. வெள்ளைக் கோட்டு மாட்டிட்டா மனுசன் மனுசனாவா இருக்கான்? பாவி. இந்த ஆப்பத்தைத் தின்னு."

"வேணாங்கண்ணே, கையில காசு இல்ல."

"கேட்டேனா உன்னை? தின்னு."

பதினோரு பேருக்கும் ஆப்பம் கொடுத்தான், கோப்பி கொடுத்தான். செல்லம் மெல்லப் பேச ஆரம்பித்தாள்.

"ரஃபேலுங்கறது நோய் தீர்க்குற சாமியாம்ண்ணே. வேதக்காரங்க அவரைத்தான் கும்பிடுவாங்களாம். கங்காணி சொன்னாரு. மூத்த புள்ளையைக் காய்ச்சல்ல வாரிக் குடுத்துட்டேன். அந்தச் சாமி பேரு வச்ச எடத்துல இது பொறந்தா தங்கும்னுதான் கப்பலேறுனேன்."

ஐயாசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தங்கும்மா. சாமி பேரு வச்ச தொரை நல்லவனாத்தான் இருப்பான். எல்லாத் தோட்டமும் அப்படி இல்ல. கருப்பாறுன்னு ஒண்ணு இருக்கு. நான் அங்க அஞ்சு வருசம் ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுத்தவன். கொசுக்காய்ச்சல், ஒரே வாரத்துல ஒம்பது பேரு போனாங்க. என் பொண்டாட்டி காளியம்மாவையும் அங்கதான் புதைச்சேன். மறுநாளே ஓடியாந்துட்டேன், அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல. யாராவது கருப்பாத்துக்குக் கூப்புட்டா போயிடாதீங்க."

"போக மாட்டோம்ண்ணே" என்றாள் செல்லம்.

பத்து மணிக்கு ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரர் ஒரு சிங். ஊருக்குப் புதியவர். அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் ஐயாசாமி மலாய் பாஷையில் விசாரித்தான். அவர் போவதே செயின்ட் ரஃபேல் தோட்டத்துக்குத்தானாம்.

"பார்த்தியா, தோட்டமே இல்லேன்னானே அந்தப் படுபாவி."

சிங்கிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பதினோரு பேரையும் அனுப்பி வைத்தான். செல்லத்துக்கு மூட்டைகளுக்கு நடுவில் இடம். மற்றவர்கள் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். தூரம் போன பிறகும் அவள் திரும்பித் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டே போனாள். அன்றைக்கு ஐயாசாமிக்கு மனசு நிறைந்திருந்தது. காளியம்மா போனதிலிருந்து அப்படி ஒரு நாள் அவனுக்கு வாய்த்ததில்லை.

மூன்றரை மணிக்குக் கிராணி திரும்பி வந்தார். குடை இல்லை. கால்சட்டை முழங்கால் வரைக்கும் சேறு.

"எங்கை அந்தச் சனம்?"

"உங்களுக்கு எதுக்குங்க அவங்க?"

"இந்தா கடிதம். அஞ்சு மைல் நடந்து போய் என்ரை மச்சானிட்டை வாங்கிக்கொண்டு வாறன். அவன்ரை தோட்டத்திலை பதினோரு பேரையும் எடுக்கிறானாம். நல்ல தண்ணி, ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கு. நாலு மணி ரயிலுக்கு ஏத்த வேணும். எங்கை அவை?"

ஐயாசாமி நெஞ்சை நிமிர்த்தினான்.

"நீங்க கைவிட்டா ஊரே கைவிட்ருமா? செயின்ட் ரஃபேலுக்கே அனுப்பிட்டேன். வண்டி போயி அஞ்சு மணி நேரமாச்சு. இந்நேரம் பேரு பதிஞ்சு கூலி லயத்துல படுத்திருப்பாங்க."

கிராணி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இரண்டு மாசத்துக்கு முந்தி நான் வேலைக்குச் சேர்ந்த தோட்டம்தான் அது. அவையைக் கூட்டிப் போக வந்தவனும் நான்தான். அந்தப் பிள்ளைத்தாச்சியைப் பார்த்த பிறகு மனம் வரேல்லை. உள்ளதைச் சொல்லியிருக்க வேணும். பதினோரு வாய்க்குச் சொன்னா துரையின்ரை காதுக்குப் போயிடும், வேலை போயிடும் எண்டு பயந்திட்டன்."

"என்ன உள்ளதுங்க? நான் என்ன கருப்பாத்துக்கா அனுப்பிட்டேன்? நோய் தீர்க்குற சாமி பேரு வச்ச எடத்துக்குத்தானே அனுப்பினேன்?"

கிராணி தலையைக் குனிந்துகொண்டார்.

"சனம் அளவுக்கு மிஞ்சிச் சாகுதெண்டு சர்க்கார் ஒரு தோட்டத்துக்கு ஆள் எடுக்கத் தடை போட்டது. துரை போன மாசம் பழைய பலகையை இறக்கிப்போட்டு ஒரு புனிதரின்ரை பேரை எழுதி ஏத்தினார். புதுப் பேருக்குத் தடை இல்லைத்தானே."

"எந்தத் தோட்டத்துப் பலகையை?" என்றான் ஐயாசாமி.

"இப்ப நீர் சொன்னீரே ஐயாசாமி, அந்தத் தோட்டத்துப் பலகையைத்தான்."