இன்னொரு தாகம்

குன்றின் மேல் எந்தச் சுனைப்பூண்டுச் செடிக்குத் தாகம் எடுத்தாலும், அதை உணர்த்தும் பட்டையை மணிக்கட்டில் கட்டியிருக்கும் பல்கீஸுக்குத் தொண்டை வறண்டுவிடும். ரேஷன் கடையில் எடை போடும் நேரத்திலும் அப்படித்தான். ஆனால் உலகத்திலேயே எஞ்சியிருந்தது ஒரே ஒரு செடி. அது குடிக்காமல் தாங்களும் குடிப்பதில்லை என்பது அதைக் காக்கும் தன்னார்வலர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட நோன்பு.

அன்று காலை குன்றேறி, செடிக்கு ஊற்றிவிட்டுத் தானும் வயிறு முட்டக் குடித்தாள். வறட்சி அடங்கவில்லை. குழுத் தலைவர் மாசிலாமணியைப் போனில் பிடித்தாள்.

"பட்டை கெட்டுப்போச்சு சார். நாங்க ரெண்டு பேரும் குடிச்சாச்சு, இன்னும் நாக்கு ஒட்டுது."

"கழட்டிக் கொண்டாம்மா. வேற தரேன்."

கழற்றப் போனவள் கையை எடுத்துவிட்டாள். ஆறு வருடமாகப் பழகிய தாகம் இல்லை இது. பச்சைப் பிள்ளை சிணுங்குவதுபோல் அவ்வளவு மெலிதாக இருந்தது. போனைக் காதில் இடுக்கியபடியே மண்டியிட்டுத் தேடினாள். இரண்டு முழம் தள்ளி, பாறை வெடிப்புக்குள், கடுகளவில் இரண்டு இலைகள்.

விரல் நுனியால் ஒரு சொட்டு விட்டாள். தொண்டை குளிர்ந்தது.

"பட்டை நல்லாத்தான் இருக்கு சார்," என்றாள். "நாங்க இப்ப மூணு பேரு."