திறந்து பார்க்காத கோப்பு

"அழிக்கிறியா, இல்ல அடுத்த விரலையும் ஒடிக்கட்டுமாடி?"

ஆலையின் மூன்று முதலாளிகளில் மூத்தவன் என் சுண்டுவிரலை ஏற்கெனவே ஒடித்துவிட்டான். ஆலை ஆவணங்களுக்கு புரோகிராம் எழுதுபவள் நான். திரையில் 'வாட்ச்மேன் கொலை: நேரில் கண்ட சாட்சி' என்றொரு கோப்பு.

"சிஸ்டம் விடமாட்டேங்குது சார். அழிக்கிற உரிமை எனக்கில்ல, முதலாளிங்க மூணு பேருக்குத்தான்."

என் நெற்றியை மேசையில் மோதினான். "என் பாஸ்வேர்டப் போட்டு அழி!"

கீபோர்டில் ரத்தம் சொட்டச் சொட்ட, அவன் சொன்ன பாஸ்வேர்டைத் தட்டினேன். கோப்பு அழிந்தது.

"அழிச்சவர் பேரும் நேரமும் போலீசுக்கு மெயில்ல போயிடுச்சு சார்."

அவன் சிரித்தான். "சாட்சியே போச்சு, என்னத்த நிரூபிப்பாங்க?"

"அதுல ஒரு எழுத்துகூட இல்ல சார். வாட்ச்மேனா இருந்த எங்க அண்ணனக் கொன்னது உங்க மூணு பேர்ல யாருன்னு தெரியாமத்தான், நேத்து வெறும் தலைப்ப மட்டும் ஏத்தி வச்சேன்."