முட்டைகளுக்கு நடுவே ஒரு பந்து

கோல்ஃப் பழக வந்த மூன்றாம் நாளே பதினான்கு மட்டைகளும் எனக்கு அத்துப்படி. எது தூரத்துக்கு, எது உயரத்துக்கு, எது மணலுக்கு என்று கேட்காதவர்களுக்கும் சொல்வேன். பந்துக்குத்தான் இன்னும் புரியவில்லை. அன்று அது போய் நின்றது, புல்தரையில் ஆள்காட்டிக் குருவி இட்டிருந்த நான்கு முட்டைகளுக்கு நடுவில். குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டிருந்தது. பின்னால் அடுத்த கோஷ்டி அடிக்கத் தயாராக நின்றது.

"இதுக்கு எந்த மட்டை சார்?" என்றார் என் பையைத் தூக்கி வந்த அமுதவல்லி.

"இருக்கறதுலயே நீளமானதக் குடுங்கம்மா."

"ஐயோ, முட்டை சார்!"

வாங்கி, அதன் பிடியை ஈர மண்ணில் ஆழ ஊன்றி, உச்சியில் என் சிவப்புத் தொப்பியை மாட்டினேன். சுற்றிப் போகும்படி பின்னால் இருந்தவர்களுக்குக் கையாட்டினேன்.

"அப்போ பந்து?"

நாங்கள் பத்தடி நகர்ந்ததும் குருவி இறங்கி வந்து, ஐந்தையும் அணைத்து உட்கார்ந்தது.