தமிழ் கதைக்காத வீடு

"ஒரேயொரு தமிழ்ச் சொல்லுக்கே என்ரை பிள்ளையைக் கலைச்சனீங்கள்?"

கேற்றைத் தள்ளிய கையோடு நாகபூசணி சத்தம் வைத்தாள். நயினாதீவிலிருந்து படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து வந்த கோபம், இறங்கி நடந்த வெயிலில் இன்னும் கூடியிருந்தது.

மகள் வதனி பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, கேற்றுக்குள்ளை இங்கிலீசிலைதான் கதைக்கவேணும்."

"எனக்கு இங்கிலீசு தெரிஞ்சால் உன்னை ஏன் இஞ்சை அனுப்பிறன்?"

வதனிக்குக் கம்பஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கே எல்லாம் இங்கிலீசில்தானாம். வாய் திறந்து கதைக்கத் தெரியாமல் பிள்ளை முதல் வருசமே திரும்பி வந்துவிடுமோ என்று நாகபூசணிக்கு நித்திரையே இல்லை. புங்குடுதீவு இராசநாயகம் மாஸ்டரிடம் போனால் ஊமையும் இங்கிலீசு கதைக்கும் என்றார்கள். நம்பி அனுப்பினாள்.

போன முதல்நாளே வதனி சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "சேர், இது ஆர்?" என்று தமிழில் கேட்டுவிட்டாளாம். மாஸ்டர் அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"தமிழ் உங்களுக்கு அவ்வளவு நாத்தமே? நீங்களென்ன லண்டனிலையோ பிறந்தனீங்கள்?"

மாஸ்டர் வெறுங்காலோடு ஓடிவந்தார். "பிளீஸ், பிளீஸ்" என்றபடி அவளை ரோட்டுக்குக் கூட்டிப்போனார். பூவரசமரத்தைத் தாண்டிய பிறகுதான் அவர் வாயில் தமிழ் வந்தது.

"மெள்ளக் கதையுங்கோ அம்மா. அந்தப் படத்திலை இருக்கிறது என்ரை மகன், நந்தகுமார். எண்பத்துமூண்டு ஆடியிலை, கொழும்பிலை, அந்தக் கலவரத்திலை..."

அவர் முடிக்கவில்லை.

"மனுசி நெஞ்சு வருத்தக்காரி. கேட்டால் தாங்கமாட்டா. ஜேர்மனிக்குப் போட்டான் எண்டு சொல்லிவைச்சிருக்கிறன். ஊர்ச்சனத்தைக் கும்பிட்டு வாயை அடைச்சுப்போட்டன். ஆனால் வகுப்புக்கு வாறது இளம் பிள்ளையள். ஆரும் ஒரு சொல்லு வழுகவிட்டால் காணும், அவவுக்குத் தெரிஞ்சுபோம். அவவைத் தனிய விட்டிட்டு வேறை இடத்திலை வகுப்பு வைக்கவும் ஏலாது. அதுதான் இந்த இங்கிலீசு."

"ஐயோ, தெரியாமல் கத்திப்போட்டன். குறை நினையாதேங்கோ."

"பிள்ளை வரட்டும். அதே கேள்வியை இங்கிலீசிலை கேக்கட்டும். மறுமொழி சொல்லுறன்."

திரும்பி வந்தபோது மாஸ்டரின் மனைவி யோகம்மா வாசலில் நின்றாள்.

"புதுப்பிள்ளையின்ரை தாயே? வாங்கோ அக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

மாஸ்டர் கெஞ்சுவதுபோல நாகபூசணியைப் பார்த்துவிட்டு, வதனியைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்குள் போனார்.

தேத்தண்ணி வைக்கும் குசினிக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு சேலைத் திரைதான். யோகம்மா கதிரையை இழுத்துப் போட்டாள்.

"வகுப்பு நேரத்திலை என்னோடையும் இங்கிலீசுதான். கோப்பையைத் தூக்கிக் காட்டினால்தான் இந்த மரமண்டைக்கு விளங்கும்," என்று உரக்கச் சிரித்தாள்.

நாகபூசணிக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.

"தம்பி... ஜேர்மனியிலை சுகமாயிருக்கிறாரே?"

"ஓம். அங்கை சரியான குளிராம்."

திரைக்கு அப்பால் வதனி தட்டுத்தடுமாறி இங்கிலீசில் ஏதோ கேட்டாள். மாஸ்டர் சொல்லத் தொடங்கினார். ஆறுதலாக, நெடுநேரம் சொன்னார். நந்தகுமார் என்ற பேரைத் தவிர நாகபூசணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓரிடத்தில் அவர் குரல் உடைந்தது.

சீனிப் போத்தலைத் திறந்த யோகம்மாவின் கை அப்படியே நின்றது.

"ஒவ்வொரு புதுப்பிள்ளைக்கும் சொல்லுவார்," என்றாள் மிகத் தாழ்ந்த குரலில். "இங்கிலீசிலை மட்டும்தான் அந்த மனுசன் வாய்விட்டு அழும்."

நாகபூசணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"முதல் ஒண்டும் விளங்கேல்லை, அக்கா. பிள்ளையின்ரை பேர் மட்டும் கேட்டுது. பேருக்குப் பிறகு அவரின்ரை குரல் உடையிறது கேட்டுது. இந்தத் திரைக்குப் பின்னாலை இருந்து, பிறகு ஒவ்வொரு சொல்லாய்..."

யோகம்மா சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணியை நீட்டினாள்.

"எனக்கு விளங்குமெண்டு அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தாங்கமாட்டார்."